அவள் சொன்னதும் நான் எழுதியதும்

நாற்பது வருஷமாக வேத தியானக் கொப்பி எழுதி வருகிறேன். எழுதுகிற புத்தகத்தை நாங்கள் யாழ்ப்பாணத்தார் கொப்பி என்போம். எனக்காக எழுதியவை ஒரு தகரப் பெட்டி நிறைய இருக்கின்றன. அவற்றில் பகட்டு எவ்வளவு, பக்தி எவ்வளவு என்பது எனக்குத் தெரியும். ஆனால் அவற்றால் கெட்டது நான் ஒருத்திதான். இன்னொருத்திக்காக ஏழு மாதம் எழுதிக் கொடுத்த கொப்பி ஒன்று உண்டு. அதில் நான் செய்ததை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. கலியாணமாகிச் சிங்கப்பூருக்கு வந்து இரண்டு வருஷம். என் கணவர் அரசாங்கக் கந்தோரில் கிளாக்கர். வீடு சிராங்கூன் ரோட்டை ஒட்டிய சுண்ணாம்புக் கம்பம் என்ற குடியிருப்பில். பின்னால் மாட்டுக் கொட்டில்கள், கொஞ்சத் தூரத்தில் குதிரைப் பந்தயத் திடல். எட்டு மணிக்கு அவர் ட்ராம் ஏறிப் போய்விட்டால் அந்த வீட்டில் எனக்குச் சண்டை பிடிக்கக்கூட ஆள் கிடையாது. குழந்தை இன்னும் இல்லை. ஊரில் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள் நான். என் எழுத்து அச்சுப்போல இருக்கும் என்று எல்லாரும் சொல்வார்கள். சொல்லாதவர்களுக்கு நானே எடுத்துக் காட்டுவேன்.

புதன்கிழமை பிற்பகலில் எங்கள் கிறிஸ்தவக் கோயில் பக்கத்து அறையில் பெண்களுக்கு வேத வகுப்பு நடக்கும். நடத்தியவர் ஒரு வெள்ளைக்கார அம்மையார். கலியாணம் செய்யாதவர், சென்னைப் பக்கத்தில் பல வருஷம் இருந்துவிட்டு இங்கே வந்தவர். நாங்கள் மிஸ்ஸியம்மா என்போம். அவருடைய தமிழ் முழுக்கப் புத்தகத் தமிழ். தண்ணீர் கேட்டாலும் பிரசங்கம் செய்வதுபோலத்தான் கேட்பார்.

ஒவ்வொரு வாரமும் ஒரு பகுதியைக் குறித்துக் கொடுப்பார். நாங்கள் வீட்டில் அதை வாசித்து, கொப்பியில் மூன்று விஷயம் எழுத வேண்டும்: என்ன வாசித்தேன், எது என்னைக் குத்தியது, அதற்காக என்ன செய்யப் போகிறேன். பிரசங்கத்தில் கேட்டதைத் திருப்பி எழுதக்கூடாது, சொந்த வார்த்தைதான் வேண்டும் என்பது அவர் கட்டளை. கொப்பியில் உள்ளது எழுதினவளுக்கும் மிஸ்ஸியம்மாவுக்கும் கர்த்தருக்கும் மட்டும். சனிக்கிழமை வீடு வீடாக வந்து கொப்பிகளைச் சேர்த்துக்கொண்டு போக ஒரு பைபிள் அம்மாள் இருந்தார். புதன்கிழமை கொப்பி திரும்பி வரும். அடியில் சிவப்பு மையில் மிஸ்ஸியம்மாவின் ஒரு வரி இருக்கும். சில சமயம் வரியோடு நிற்காது. பால் வற்றிவிட்டது என்று ஒருத்தி எழுதப்போக, அடுத்த நாளே மிஸ்ஸியம்மா பால் டின்களோடு ரிக்‌ஷாவில் போய் இறங்கினார். அது எங்கள் எல்லாருக்கும் தெரிந்த கதை.

எனக்கு எப்போதும் நீளமான சிவப்பு வரிதான். அதை மற்றவர்கள் பார்க்கும்படி கொப்பியை மடியில் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அந்த வருஷம் திருநெல்வேலிப் பக்கத்துக்காரி ஒருத்தி வகுப்புக்கு வரத் தொடங்கினாள். அவள் புருஷன் முனிசிபாலிட்டி மாட்டுவண்டி ஓட்டினான். அந்த வேலையையே மிஸ்ஸியம்மாதான் சொல்லி வாங்கிக் கொடுத்திருந்தார். அவளுக்கு எழுத்து வாசனை கிடையாது. என்னைவிட எட்டு வயதாவது மூத்திருப்பாள். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள், நானும் கூசாமல் கேட்டுக்கொள்வேன். எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதத் தெரிந்தவர்கள் உதவ வேண்டும் என்பது வகுப்பு வழக்கம். மிஸ்ஸியம்மா அவளை என்னிடம் ஒப்படைத்தார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வேலை முடித்து வந்து என் குசினி வாசலில் உட்காருவாள். நான் அந்த வாரப் பகுதியை வாசித்துக் காட்டுவேன். கண்ணை மூடிக் கேட்பாள். பிறகு மனத்தில் பட்டதைச் சொல்லுவாள். நான் காய் நறுக்கிக்கொண்டே கேட்பேன். அவள் போனபின் கொப்பியை எடுத்து எழுதுவேன்.

முதல் வாரமே தப்புச் செய்தேன். கடலில் புயல் அடிக்கும்போது ஆண்டவர் படகில் தூங்கிக்கொண்டிருந்த பகுதி. சீஷர்கள் எழுப்புகிறார்கள், அவர் எழுந்து, ஏன் இப்படிப் பயப்படுகிறீர்கள் என்று கடிந்துகொள்கிறார். அவள் சொன்னாள்: "எழுப்பாம இருந்திருந்தா முங்கித்தானக்கா போயிருப்பாக. எழுப்புனதுக்கு ஏன் ஏசுதாக?"

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு கோபம் வந்தது. இதை என் கையால் எழுதினால் மிஸ்ஸியம்மா என்ன நினைப்பார்? எழுத்து என்னுடையது என்று ஊருக்கே தெரியும். இப்படி ஒரு கேள்வியை, அதுவும் இப்படி ஒரு பேச்சில், என் எழுத்தில் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. ஆகவே, விசுவாசம் குறையும்போது மனம் கலங்குகிறது, இனி ஆண்டவரை முழுவதும் நம்புவேன் என்று நாலு வரி எழுதி அனுப்பினேன். சிவப்பு மையில் 'மிகவும் நன்று' என்று வந்தது. அதை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் முகம் மலர்ந்துபோயிற்று. தான் கேட்ட கேள்வியைத்தான் மிஸ்ஸியம்மா நல்ல கேள்வி என்றார் என்று நினைத்துக்கொண்டாள். நான் திருத்தவில்லை.

அதிலிருந்து வாரந்தோறும் அப்படித்தான். அவள் ஒன்று சொல்வாள், நான் வேறொன்று எழுதுவேன். பாலைவனத்தில் தாகத்தால் சாகக்கிடந்த பிள்ளையை விட்டு எட்டப் போய் உட்கார்ந்து அழுத அடிமைப்பெண்ணைப் பற்றி அவள் அரை மணி நேரம் பேசினாள்; நான் பொறுமையின் மேன்மை என்று எழுதினேன். அவளுக்கு உபகாரம் செய்கிறேன் என்றுதான் எண்ணம். இன்னொரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். சில வாரங்களில் அவள் சொன்னது நான் என் கொப்பியில் எழுதியதைவிட ஆழமாக இருந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

ஏழாவது மாதம் வந்த பகுதி, பழைய காலத்துச் சேனாபதி ஒருவனுடைய கதை. யுத்தத்தில் ஜெயித்துத் திரும்பினால் தன் வீட்டு வாசலிலிருந்து முதலில் எது எதிரே வருகிறதோ அதைக் கர்த்தருக்குப் பலியாகக் கொடுப்பதாக வாக்குப்பண்ணுகிறான். எதிரே வந்தது அவனுடைய ஒரே மகள். நான் வாசித்து முடித்தேன். வழக்கமாகக் கண்ணை மூடியிருப்பவள் அன்று திறந்தே வைத்திருந்தாள்.

"அந்தப் புள்ளைக்கு அம்மா இல்லையாக்கா?" என்றாள்.

வேதத்தில் அப்படி ஒன்றும் சொல்லவில்லை என்றேன்.

"இருந்திருப்பா. அவ பேசாம இருந்ததால எழுதாம விட்டுட்டாக."

பிறகு தன் வீட்டு விஷயத்தைச் சொன்னாள். அவளுக்கு ஒரே மகள், பதின்மூன்று வயது. ஜொகூரில் ரப்பர்த் தோட்டத்துக் கங்காணி ஒருவன் பெண்சாதி செத்து மூன்று பிள்ளைகளோடு இருக்கிறான். அவள் புருஷனுக்குத் தூரத்துச் சொந்தம். நாற்பது தாண்டியவன். பெண்ணைத் தருவதாகப் புருஷன் வாக்குக் கொடுத்துவிட்டான். வெள்ளைக்காரியிடம் வீட்டுச் சங்கதியைக் கொண்டுபோனால் தலைமுழுகிவிடுவேன் என்றும் சொல்லியிருக்கிறான். அவளுக்கும் மிஸ்ஸியம்மாவோடு நேரில் பேச வராது. அவர் பேசுவது இவளுக்குப் பாதி விளங்காது, இவள் பேசுவது அவருக்குப் பாதி விளங்காது. ஆனால் நோட்டில் எழுதினால் அவருக்கு மட்டும்தான் தெரியும். மிஸ்ஸியம்மா பெண்பிள்ளைகள் தங்கிப் படிக்க ஒரு போர்டிங் நடத்தி வந்தார். அவர் ஒரு வார்த்தை சொன்னால் புருஷன் மீறமாட்டான்.

"இப்பவே எழுதுங்கக்கா, நான் பாத்துக்கிட்டு இருக்கேன்," என்றாள். கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கொப்பியை எடுத்தேன். அவள் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்:

"எங்க வீட்டுக்காரவுகளும் வாக்குக் குடுத்துட்டாக. அடுத்த சனிக்கெழம எம்புள்ளய ஜொகூருக்குக் கூட்டிட்டுப் போறாக. எனக்குச் சம்மதம் இல்ல. மிஸ்ஸியம்மா, அவள போர்டிங்கில எடுத்துக்கிடுங்க."

பேனாவை மையில் தோய்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. முன்பக்கங்களில் ஏழு மாதமாக ஒரு போதகரின் பெண்சாதி பேசுவதுபோலப் பேசி வந்தவள், இந்தப் பக்கத்தில் திடீரென்று வண்டிக்காரன் பெண்சாதியாகப் பேசினால் மிஸ்ஸியம்மாவுக்கு எல்லாம் விளங்கிவிடும். ஏழு மாதப் பொய்யும் ஒரே நாளில் வெளியே வரும். என் பெயர் கெடும். இதைத்தான் நான் நினைத்தேன். அந்தப் பிள்ளையின் முகம் எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் தாயின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்கு வருவாள். அந்த முகம் அப்போது நினைவுக்கு வரவேயில்லை.

அவள் பேனா முனையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எழுதினேன்: பிள்ளைகள் கர்த்தர் தந்த ஈவு. அவர் தந்ததை அவருக்கே ஒப்புக்கொடுக்கிறேன். என் மகளைக் குறித்த பாரத்தை அவருடைய பாதத்தில் வைத்துவிட்டேன்.

மகள் என்ற சொல்லையும் பாரம் என்ற சொல்லையும் போட்டுவிட்டேன், கெட்டிக்கார மிஸ்ஸியம்மா தானாகவே விசாரித்துக்கொள்வார் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். போதாக்குறைக்கு ஞாயிற்றுக்கிழமை நேரிலும் சொல்லிவிடலாம் என்று தீர்மானித்தேன்.

"எல்லாம் வந்துட்டாக்கா?" என்று கேட்டாள்.

"ஓம், எல்லாம் எழுதிப்போட்டன்," என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் மிஸ்ஸியம்மாவைத் தேடிப் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே என் கையைப் பிடித்துக்கொண்டார். முந்தின நாள்தான் கொப்பிகளை வாசித்ததாகவும், எழுத்தறியாத அந்தச் சகோதரி கிருபையில் வளர்வதைக் கண்டு தம் கண்கள் கலங்கியதாகவும் சொன்னார். பிறகு கேட்டார்: "அவள் வாயிலிருந்து வரும் வார்த்தைகளை அப்படியே எழுதுகிறாய் அல்லவா?"

"ஓம், மிஸ்ஸியம்மா," என்றேன்.

அதற்குப் பிறகு என்ன சொல்ல முடியும்? சொல்லியிருக்க முடியும். இன்று இதை எழுதுகிற எனக்கு அது நன்றாகத் தெரிகிறது. அன்று ஆமென்று தலையாட்டிவிட்டு, அவர் என் கணவரைச் சுகம் விசாரிக்க, அதற்குப் பதில் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

புதன்கிழமை கொப்பிகள் திரும்பி வந்தன. வகுப்பு முடியும்வரை அவள் கொப்பியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். எல்லாரும் கலைந்தபின் கோயில் படியில் உட்கார்ந்து என்னிடம் நீட்டினாள். சிவப்பு மையில் எழுதியிருந்தது: 'நல்லது, சகோதரியே. கர்த்தருக்கு ஒப்புக்கொடுத்ததைத் திரும்பக் கேளாதே.'

ஏழு மாதம் அவளுடைய வார்த்தைகளையெல்லாம் மாற்றியவள் நான். அந்த ஒரு வரியை மாற்றி வாசித்திருக்கலாம். மிஸ்ஸியம்மா உன்னை வரச் சொல்கிறார் என்று சொல்லி, கையோடு அழைத்துக்கொண்டு போயிருக்கலாம். அன்றைக்குப் பார்த்து ஓர் எழுத்துப் பிசகாமல் வாசித்தேன்.

இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன்.

"சரிக்கா. மிஸ்ஸியம்மாவே சொல்லிட்டாக," என்று கொப்பியை வாங்கிக்கொண்டு எழுந்து போனாள்.

வெள்ளிக்கிழமை அவள் வரவில்லை. மூன்று மணிவரை பார்த்திருந்துவிட்டுச் சேலையை மாற்றிக்கொண்டு, மிஸ்ஸியம்மாவின் வீட்டுக்குப் போவதென்றே கிளம்பினேன். ட்ராம் நிற்கும் இடம்வரை போனேன். தேக்காச் சந்தைப் பக்கமிருந்து மழை வந்தது. குடை கையில் இருந்தது. ட்ராம் வந்து நின்றது, நான் ஏறவில்லை. மழையைச் சாட்டாகச் சொல்லலாம். பெரிய மழை ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சொன்ன அந்த ஓமை எப்படித் திருப்பி எடுப்பது என்றுதான் எனக்குப் பயம். வீட்டுக்கு வந்து நனையாத சேலையை அவிழ்த்து மடித்து வைத்தேன்.

சனிக்கிழமை காலை ரயிலில் அவள் புருஷன் பிள்ளையை உட்லண்ட்ஸுக்குக் கூட்டிப்போய், அங்கிருந்து படகில் ஜொகூருக்குக் கொண்டுபோய்விட்டான். கொப்பி சேர்க்க வந்த பைபிள் அம்மாள்தான் எனக்குச் சொன்னார். கலியாணம் அங்கேயே நடக்குமாம், தாய்க்காரி சம்மதித்துத்தான் அனுப்பினாளாம், அழக்கூட இல்லையாம்.

மூன்று வாரம் கழித்து அவள் வகுப்புக்கு வந்தாள். வெள்ளிக்கிழமை என் வீட்டுக்கு வரவில்லை. எனக்கு வீண் சிரமம் கொடுக்க வேண்டாம், இனித் தானே படித்துக்கொள்கிறேன் என்று பைபிள் அம்மாளிடம் சொல்லி, அவரிடமே அரிவரி தொடங்கினாளாம். எனக்கு அப்பாடா என்றிருந்தது. அப்படி இருந்ததை இப்போது மன்னிக்க முடியவில்லை. அடுத்த வருஷம் மிஸ்ஸியம்மா உடம்பு சரியில்லாமல் சீமைக்குத் திரும்பினார். துறைமுகத்தில் வழியனுப்பும்போதும் என் வாய் திறக்கவில்லை. கப்பல் நகர்ந்தபோது அழுதேன். எல்லாரும் மிஸ்ஸியம்மா மேல் எனக்கு எவ்வளவு பாசம் என்று பேசிக்கொண்டார்கள்.

ஜொகூருக்குப் போன பிள்ளையை ஒரே ஒரு தடவை பார்த்தேன். கிறிஸ்துமஸுக்குத் தாய் வீட்டுக்கு வந்து, கோயிலில் கடைசி வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தாள். இடுப்பில் ஒரு குழந்தை, பக்கத்தில் கங்காணியின் மூத்த தாரத்துப் பிள்ளைகள். தாயோடு ஒரு வார்த்தை பேசியதாகத் தெரியவில்லை. தாய் குழந்தையை வாங்கக் கையை நீட்டினாள். மகள் கொடுக்காமல் மறுபக்க இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

அதற்குப் பின் சில வாரத்தில், ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், தாய்க்காரி மறுபடியும் என் குசினி வாசலுக்கு வந்தாள். கையில் அந்தக் கொப்பி. எனக்கு அப்போது ஒரு மகள் பிறந்து தொட்டிலில் கிடந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. கொப்பியைத் திறந்து, அந்தப் பக்கத்தில் விரலை வைத்து, எழுத்துக் கூட்டி வாசிக்கத் தொடங்கினாள். பிள்...ளை...கள். கர்த்...தர். மூன்று வரியையும் வாசித்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று.

"நான் சொன்னது இதுல எங்க இருக்கு?" என்று கேட்டாள்.

"இல்லை," என்றேன். "நான் எழுதேல்லை."

ஏன் என்று கேட்பாள், கத்துவாள், ஒரு அறை விடுவாள் என்று எதிர்பார்த்தேன். அப்படி ஏதாவது செய்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் கொப்பியை என்னிடம் நீட்டினாள்.

"இப்ப எழுதுங்க. நான் சொன்னபடியே."

எழுதலாம், ஆனால் மிஸ்ஸியம்மா ஊருக்குப் போய்விட்டாரே, இனி இதை யார் வாசிப்பார்கள் என்று கேட்டேன். அந்த நேரத்திலும் எனக்கு நியாயம் பேச வாய் வந்தது.

"எம்புள்ள வாசிப்பா. அவளுக்கு நான் எழுத்துச் சொல்லிக் குடுப்பேன். அவ அம்மா பேசாம இருக்கலன்னு அவளுக்குத் தெரியணும்," என்றாள்.

மைக்கூட்டை எடுத்து வந்து தரையில் உட்கார்ந்தேன். அவள் நின்றபடியே சொன்னாள். அன்று சொன்னதில் ஒரு சொல் கூடவில்லை, ஒரு சொல் குறையவில்லை. குடுத்துட்டாக என்றால் குடுத்துட்டாக, சனிக்கெழம என்றால் சனிக்கெழம. என் அச்சுப்போன்ற எழுத்தில் அவள் பேச்சு அப்படியே விழுந்தது. முடித்துக் கொடுத்ததும் அவள் வாசல் வெளிச்சத்துக்குப் போய் நின்று, நான் எழுதிய ஒவ்வோர் எழுத்தையும் விரலால் தொட்டுத் தொட்டுச் சரிபார்த்தாள்.